பசைச் சட்டியும் சித்தியும்

அடுத்த வருடத்துக் காலண்டருக்கான ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்றே வெளியாகிவிடுகிற ஊர் சிவகாசி. நாட்டுக்கெல்லாம் வருடம் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்னதாகவே எங்களுக்குப் பிறந்துவிடும். இப்படி முன்கூட்டியே ஓடுகிறவர்கள், டிவி சீரியல் என்று பேச்சு வந்தால் மட்டும் இருபது வருடம் பின்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். "பழைய சித்தி தங்கம். சித்தி 2 வெறும் தகரம்" என்று அச்சகத்து அண்ணாச்சி சொல்கிறார். ஃபேக்டரி வண்டியில் போகிற மதினியும் அதையேதான் சொல்கிறார். விருதுநகர் பரோட்டாக் கடை வரைக்கும் இந்தத் தீர்ப்புக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

சன் டிவியில் 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை ஓடியது ராதிகாவின் 'சித்தி'. அவருடைய ராடான் நிறுவனமே தயாரித்தது. மாற்றாந்தாய் என்றால் சூடு போடுகிறவள் என்று கதை சொல்லிப் பழகிய நாட்டில், சித்தி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த தொடர் அது. இருபது ஆண்டு கழித்து, 2020 ஜனவரியில், அதே ராதிகாவை வைத்து 'சித்தி 2' வந்தது. 2022 வரை ஓடி முடிந்தது. 'தகரம்' என்ற தீர்ப்பு அதற்குத்தான். தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "பழசு தரமானது, புதுசு வெறும் மசாலா"

இப்படிச் சொல்கிறவர்களுக்கு 2000ஆம் ஆண்டுப் பத்திரிகைகள் மறந்துபோய்விட்டன. சீரியல் பார்த்து அழும் மனைவி, சோறு கிடைக்காமல் விழிக்கும் கணவன் என்று வாராவாரம் துணுக்கு வந்த காலம் அது. 'அழுகாச்சி நாடகம்' என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். இன்று தங்கமாகத் தெரிவதை அன்று தகரம் என்றுதான் ஏசினோம்.

தரம் மாறியதா, நாம் மாறினோமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பும் தானாகவே அமைந்தது. 2020இல் ஊரடங்கு வந்து படப்பிடிப்புகள் நின்றபோது, 2002 முதல் 2005 வரை ஓடிய திருமுருகனின் 'மெட்டி ஒலி'யை சன் டிவி மறுபடியும் போட்டது. நடிகர் மாறவில்லை, வசனம் மாறவில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இரண்டாவது மகள் சரோஜாவை மாமியாரும் புருஷனும் படுத்துகிற பாட்டுக்கு முதல் தடவை எங்கள் வீட்டில் முந்தானை நனைந்தது. "எப்படிப் பொறுத்துப் போறா பாரு, அவ பொண்ணு" என்று என் அம்மா மெச்சிக்கொண்டாள். இரண்டாவது தடவை, கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "ஏன் ஆச்சி, இந்தக்கா போலீசுக்குப் போகவே மாட்டாளா?" என்று கேட்டாள். ஆச்சி வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போயிருக்கலாந்தான்" என்றாள்.

ஒரு காட்சிகூட மாறாத தொடருக்கே இருபது வருடத்தில் வேறு மரியாதை கிடைக்கிறது. அப்படியிருக்க, புதுத் தொடரின் தரத்தைப் பழைய ஞாபகத்தின் தராசில் நிறுத்தால் முள் எப்படி நேராக நிற்கும்?

இரண்டு: "பழசு கச்சிதம், புதுசு ஒரே இழுவை"

கணக்குப் பார்த்துவிடலாம். பழைய 'சித்தி' ஏறத்தாழ இரண்டு வருடம் ஓடியது. 'மெட்டி ஒலி' எண்ணூறு பகுதிகளைத் தாண்டியது. 2003இல் தொடங்கிய தேவயானியின் 'கோலங்கள்' 2009 வரை போய், ஆயிரத்து ஐநூறைத் தாண்டித்தான் நின்றது. 'சித்தி 2' ஓடியது இரண்டு வருடமும் சில மாதமும். இழுவைதான் குற்றம் என்றால் முதல் குற்றவாளி நாம் தங்கம் என்று சொல்லும் அந்தக் காலம்தான்.

அப்போது ஏன் இழுவை தெரியவில்லை? இதற்குப் பதில் சென்னையில் கிடைக்காது, எங்கள் பக்கத்தில் கிடைக்கும். பட்டாசுத் தொழிற்சாலையில் பொழுது இருக்கும்வரைதான் வேலை. மருந்துள்ள அறையில் விளக்குப் போட்டு வேலை பார்க்கிற பேச்சே கிடையாது. அதனால் பெண்கள் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள். வீட்டில் வேறு வேலை காத்திருக்கும். தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவது. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை ஒரு சட்டியில் இருக்கும். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோசுக்கு நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. கண்ணை எடுத்தால் பெட்டி கோணும், கோணினால் கழித்துவிடுவார்கள்.

டிவி ஓடிக்கொண்டிருக்கும், கண்கள் பசையில் இருக்கும். "நீ பழைய சித்திய முழுசாப் பாத்தியாம்மா?" என்று சமீபத்தில் கேட்டேன். "எங்க பாத்தேன், கேட்டேன்" என்றாள். சீரியலில் நேற்று நடந்ததை இன்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் ஒப்பிப்பதும், ஒரே அதிர்ச்சிக்கு நாலு முகத்தை மாற்றி மாற்றிக் காட்டுவதும், இடி முழக்கும் பின்னணி இசையும் காதால் பார்த்தவர்களுக்குச் செய்த உபகாரங்கள். இசை ஓங்கியதும் தலையை நிமிர்த்தினால் போதும், யார் முகம் என்று பார்த்துவிட்டு அடுத்த பெட்டியை எடுக்கலாம்.

இன்று கையில் பெட்டியில்லை. இயந்திரம் வந்து வீட்டுவேலையில் பெரும்பங்கைக் கொண்டுபோய்விட்டது. அம்மா 'சித்தி 2'ஐ இரண்டு கண்ணாலும் பார்த்தாள். போதாததற்கு, விட்ட பகுதிகளை மொபைலில் ஒரே மூச்சில் நாலைந்தாகப் பார்க்கவும் வழி வந்துவிட்டது. நாளுக்கு ஒரு மிடறு குடிக்கவேண்டிய கஷாயத்தைச் சொம்போடு குடித்துவிட்டுக் கசக்கிறது என்கிறோம். கஷாயம் அன்றைக்கும் கசப்புத்தான்.

மூன்று: "அன்று குடும்பமாகப் பார்த்தோம், இன்று குடும்பமே இல்லை"

குடும்பமாகப் பார்த்தது உண்மை. ஆசைப்பட்டுச் சேர்ந்தோமா என்பதுதான் கேள்வி. தெருவுக்கு நாலு வீட்டில் டிவி இருந்தது. டிவி இருந்த வீட்டின் நடைப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டிக் கட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்த வீட்டு மருமகள் முகம் சுளித்தாலும் பார்க்காததுபோல் இருந்துகொள்ளவேண்டும். அப்பாவுக்குச் செய்தி, எங்களுக்குக் கிரிக்கெட், அம்மாவுக்குச் சீரியல் என்று ஒரே பெட்டிக்குள் சண்டை. தோற்றவர்கள் வேறு போக்கில்லாமல் உட்கார்ந்திருந்ததற்கு இன்று 'ஒற்றுமை' என்று பெயர்.

2006இல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. நடைப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். குடும்பப் பாசம் குறைந்துபோனதாக அன்று யாரும் புலம்பவில்லை. இனி இன்னொருத்தி வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டாம் என்று நிம்மதிதான் பட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்த இரவு வட்டத்தில் நாங்கள் பிள்ளைகளும் இருந்தோம், பெட்டி ஒட்டிக்கொண்டு. அதற்குப் பெயர் குழந்தைத் தொழில். 1986இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் பசைச் சட்டிக்குப் பக்கத்தில் வீட்டுப்பாட நோட்டு விரிந்திருந்ததைச் சட்டம் வந்து பார்க்கவில்லை. அந்தக் காட்சியிலிருந்து டிவியை மட்டும் வெட்டியெடுத்து ஞாபகம் என்று சட்டம் போட்டு மாட்டுவது நியாயமில்லை.

நான்கு: "ராதிகா போனார், தொடரும் போச்சு"

ஓரளவு நியாயமான குற்றச்சாட்டு. 2021இல் ராதிகா தொடரிலிருந்து விலகினார். சித்தி இல்லாத 'சித்தி' எப்படி இருக்கும் என்று கேட்டவர்களை நான் குறைசொல்லமாட்டேன். லேபிள் பார்த்துத் தீப்பெட்டி வாங்குகிற நாடு இது. பெயர்பெற்ற லேபிளில் ஓரெழுத்தை மாற்றி அச்சடித்து விற்கிற வித்தை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. தலைப்பில் 2 என்று போட்டால் அது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி பாதியில் கைமாறியது. தயாரித்தவர்கள் மேல் இந்த வருத்தம் நியாயமானதே.

ஆனால் 'தொடரும் போச்சு' என்பது சரியில்லை. அவர் போன பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அது ஓடியது. ஓடவைத்தவர்கள் பழைய சித்தியை ஒரு பகுதிகூடப் பார்த்திராத இளவட்டங்கள். வெண்பா, கவின் ஜோடியின் காட்சிகளை வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் அவர்கள். ஃபேக்டரிக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது என்பதால் வண்டியை விட்டு இறங்குவதற்குள் பார்த்து முடித்துவிடுகிற பெண்கள் அவர்களில் உண்டு. முன்பு அதே வண்டியில் மதினிகள் நேற்றைய 'சித்தி'யை வரிவரியாக அலசிக்கொண்டு போனார்கள். வண்டி அதேதான், தடமும் அதேதான், கதை மட்டும் தலைமுறை மாறியிருக்கிறது. மதினிகளுக்கு அது தங்களுடைய தொடராகத் தெரியவில்லை என்றால், அது அவர்களுக்காக எடுக்கப்படவில்லை என்றுதான் பொருள். எடுக்கவே தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஐந்து: "சீரியல் பார்க்கிற பொம்பளைகளுக்குக் கதையும் தெரியாது, நிஜமும் தெரியாது"

இதைப் பெரும்பாலும் ஆண்கள் சொல்கிறார்கள். பழைய தொடருக்கு மயங்கியவர்கள் புதியதற்கும் மயங்குவார்கள், திரையில் வரும் முகம் தெருவில் வந்தாலும் மயங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்குக்கு விடை எங்கள் தொகுதியிலேயே வந்தது.

2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் பா.ஜ.க. வேட்பாளராக நின்றவர் ராதிகா. சிவகாசியும் சாத்தூரும் அடங்கிய தொகுதி. பிரச்சார வண்டி வந்தபோது 'சித்தி வந்திருக்காக' என்று பெண்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். வாக்குப்பெட்டி திறந்தபோது காங்கிரசின் மாணிக்கம் தாகூர் வென்றிருந்தார். 4,379 வாக்கு வித்தியாசத்தில் தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன் இரண்டாமிடம். 1,66,271 வாக்குகளோடு ராதிகா மூன்றாமிடம். கட்சி, கூட்டணி, சாதி, வேட்பாளர் என்று ஒரு தேர்தலுக்குள் நூறு காரணம் இருக்கும். எதற்காக யாருக்குப் போட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சித்தியைப் பிடிப்பது வேறு, சின்னத்தை அமுக்குவது வேறு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும் என்பதைத்தான் சொல்கிறேன்.

'விஜயகாந்த் மறைந்த சில மாதங்களிலேயே அவர் மகன் விஜய பிரபாகரன் அவ்வளவு நெருங்கி வந்தாரே, 1977இல் அருப்புக்கோட்டை எம்.ஜி.ஆரை ஜெயிக்கவைத்ததே, அது திரை மயக்கம் இல்லையா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதே மண்தான் 1967இல் சொந்தப் பிள்ளை காமராஜரை 1,285 வாக்கில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கவைத்தது. திரை முகத்தை ஒருமுறை ஏற்றும் ஒருமுறை ஒதுக்கியும், தெரிந்த முகத்தையே வீட்டுக்கு அனுப்பியும் பழகிய ஊர்க்காரர்களை 'பார்த்ததை நம்புகிறவர்கள்' என்று யார் சொன்னாலும் எடுபடாது. அவர்கள் பார்ப்பார்கள், ரசிப்பார்கள், அப்புறம் தனியாக யோசிப்பார்கள்.

ஐந்தையும் கூட்டினால் மிஞ்சுவது என்ன? நாம் தேடிப்போவது ஒரு தொடரை அல்ல. 1999இன் ஓர் இரவை. அந்த இரவை எந்த நிறுவனத்தாலும் இரண்டாம் பாகமாக எடுக்க முடியாது. எடுத்தாலும் அதில் பாதியை நாம் சகிக்கமாட்டோம். தீபாவளி முன்பு மாதிரி இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர், தன் சிறு வயதில் கொளுத்திய சரவெடியைப் பின்னிய விரல்களைப் பற்றி நினைப்பதில்லை. இதுவும் அதேபோலத்தான்.

அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். பழைய சித்தியை மறுபடியும் முதலிலிருந்து போட்டால், அந்தப் பழைய நாட்களும் கூடவே வந்தால், உனக்குச் சம்மதமா என்று. அவள் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டாள். பசை ஊறி ஊறி ரேகை மங்கிப்போன விரல்கள்.

"சித்திய வேணாப் போடச் சொல்லு. பசச் சட்டி வேண்டாம்ப்பா."