'ரெண்டு வாரத்திலே' என்றால் என்றைக்கு?

"அம்மா, ஃபியூச்சர் டென்ஸ்னா என்னம்மா?" என்று பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், "'வில்' போடு, 'ஷல்' போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். ஆனால் சகோதரிகளே, இங்கிலீஷில் எதிர்காலத்துக்கென்று வினைச்சொல்லுக்குத் தனி உருவமே கிடையாது! நமக்கு 'செய்வேன்', 'நடப்பேன்' என்று சொல்லுக்குள்ளேயே 'வ்'வும் 'ப்'பும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவர்களுக்கு அந்த வசதி இல்லை. இரவல் சொற்களை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். 'வில்' என்பதற்குப் பழைய காலத்தில் 'விரும்புகிறேன்' என்று பொருள். 'ஷல்' என்பதற்குக் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள். ஆசையும் கடனும்தான் அவர்களுக்கு எதிர்காலம் ஆயிற்று. நம் வீட்டுக் கதை மாதிரி இல்லை?

மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறார்கள், 'கோயிங் டு' என்று. இது நமக்கு அந்நியமே இல்லை. "மழை வரப்போகுது" என்கிறோமே, அதே 'போகிற' கதைதான். எங்கள் தென்காசியில் நின்று மேற்கே மலையைப் பாருங்கள். மேகம் கறுத்து இறங்கினால் "வரும்" என்று சொல்லமாட்டோம், "வரப்போகுது" என்போம். கண்ணுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது அல்லவா? இங்கிலீஷ்காரரும் அங்கே 'கோயிங் டு' தான் போடுவார். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி, வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாளே, அவளை இங்கிலீஷ் பேசவைத்தால் பெரும்பாலும் 'வில்' போட்டுத்தான் பேசுவாள்!

நேரம் குறித்து வைத்த காரியமென்றால் இரண்டு பாஷையிலும் நிகழ்காலமே போதும். "பொதிகை எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்புது" என்று காலையிலேயே சொல்கிறோம். அவர்களும் அப்படியே.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் ஒரு படி மேலே. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டால், இருந்த இடத்தை விட்டு அசையாமல் "இதோ வந்துட்டேம்மா!" என்கிறது. இங்கிலீஷ் பிள்ளை 'வந்துகொண்டிருக்கிறேன்' என்ற அளவில் நின்றுவிடும். வராததை வந்ததாகவே சொல்வது நம் பழக்கம். இது பொய் அல்ல, இலக்கணம்! அவசரத்தில் எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. நன்னூலும் 'விரைவு' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

இதன் அருமை அருவிக்கரையில் தெரியும். மலைமேல் மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை வாரிக்கொண்டு போயிற்று. "தண்ணி வந்துட்டு, ஏறுங்க!" என்று ஒருவர் கத்தினால், எங்கே வந்தது என்று திரும்பிப் பார்க்காதீர்கள். அந்த 'வந்துட்டு'க்கு இப்போது வரப்போகிறது என்று அர்த்தம். பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

சரி, இந்த இலக்கணமெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? ஆஸ்பத்திரிச் சீட்டுக்குத்தான்!

பக்கத்து வீட்டுப் பெண் ஆபரேஷன் பிரசவம் முடிந்து வந்தவள். "யக்கா, ரெண்டு வாரத்திலே வரச்சொல்லி எழுதியிருக்கு. அவுகளுக்கு நாளைக்கு லீவு. போயிட்டு வந்துரட்டுமா?" என்று சீட்டை நீட்டினாள். வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சீட்டில் 'இன் டூ வீக்ஸ்' என்று இருந்தது. அதை அப்படியே தமிழாக்கினால் 'ரெண்டு வாரத்தில்' என்றாகும். நம் காதுக்கு அது 'ரெண்டு வாரத்துக்குள் என்றைக்காவது' என்று கேட்கிறது. ஆனால் 'வா' என்பதோடு சேர்த்து இங்கிலீஷ்காரர் அதைச் சொன்னால், இரண்டு வாரம் கழித்து என்று பொருள். சாரலில் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீண் அலைச்சல் ஆகியிருக்கும். இது போகட்டும், அலைச்சலோடு முடிந்துவிடும். 'வித்தின் டூ டேஸ்' என்று எழுதியதை இரண்டு நாள் கழித்து என்று எடுத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையை வீட்டில் வைத்திருந்தால்? அதுதான் ஆபத்து.

ஆகவே நாலு சொல்லை மனசில் வையுங்கள். 'வித்தின்' என்றால் அதற்குள். 'ஆஃப்டர்' என்றால் கழித்து. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள், முந்தினாலும் சரி. 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வரை விடாமல். மருந்துச் சீட்டில் இந்தக் கடைசிச் சொல் இருந்தால், புதன்கிழமையே தேவலை என்று நிறுத்திவிடக்கூடாது.

நாள் எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் 'மூணாம் நாள்' என்றால் இன்றைய தினத்தையும் சேர்த்து எண்ணுவோம். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. ஆனால் நாய்க்கடி ஊசிச் சீட்டில் 0, 3, 7, 28 என்று போட்டிருப்பார்கள். முதல் ஊசி போட்ட நாளுக்குப் பூஜ்யம்! திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் மூன்றாம் நாள் ஊசி வியாழக்கிழமை. ஏழும் இருபத்தெட்டும் மறுபடி திங்கட்கிழமையிலேயே விழும். கிழமையை வைத்துக்கொண்டால் தப்பே வராது.

கைக்குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போடுவதும் இதே கணக்குத்தான். அதை நாம் 'ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூணரை மாசம்' என்று ஆக்கிக்கொள்கிறோம். 14 வாரம் என்பது 98 நாள். மூன்றரை மாதமோ அதைத் தாண்டி ஒரு வாரத்துக்கு மேலேயே போய்விடும். பிள்ளை செவ்வாய்க்கிழமை பிறந்ததா? அந்த மூன்று ஊசிக்கும் வாரம் நிறைவதும் செவ்வாய்க்கிழமைதான். காலண்டரில் இன்றைக்கே வட்டம் போட்டுவிடுங்கள். ஊசி போடும் இடத்தில் எந்தக் கிழமையில் போடுகிறார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள். வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்த வெள்ளியா என்பதில் இங்கிலீஷ்காரருக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. "என்ன தேதி, டாக்டர்? இதிலேயே எழுதிக் கொடுத்திருங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. எந்தப் பாஷை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தேதிக்கு இரண்டு அர்த்தம் கிடையாது!