எருக்குழிக்குள் ஒரு பேட்டரி

போன சித்திரையில் எருக்குழியை வெட்டி வண்டியில் ஏற்றும்போது மண்வெட்டியில் ஏதோ 'டங்'கென்று பட்டது. எடுத்துப் பார்த்தால் எமர்ஜென்சி லைட்டுக்குள் இருக்கும் சின்ன ஆசிட் பேட்டரி, வீங்கி வெடித்திருந்தது. இன்னும் கிளறினால் ஒரு சுருள் பல்பின் அடிப்பகுதி. கண்ணாடியைக் காணோம். வேறு யாரும் கொண்டுவந்து போடவில்லை, நம்ம வீட்டுக் குப்பைதான். 12 வருடமாக யூரியா மூட்டை நுழையாத நிலத்துக்கு ஈயத்தையும் பாதரசத்தையும் நானே வண்டி கட்டிக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சாமான்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 14 வாட் சி.எஃப்.எல். சுருள் பல்பு 2 யூனிட் சொச்சத்தில் தரும். 9 வாட் எல்.இ.டி.க்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. குண்டு பல்பு தின்பதில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. (கோழிக்குஞ்சுக்கு அந்தச் சூடுதான் வேண்டும், அதற்கு மட்டும் ஒன்றை விட்டுவைப்போம்.) அனல்மின் நிலையத்தில் எரியும் கரியிலும் பாதரசம் உண்டு. அதனால் கரண்டை மிச்சம் பிடிப்பது ஊருக்கே நல்லது.

பேட்டரியும் அப்படித்தான். ராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது மோட்டார் போடப் போகிறவருக்கு நெற்றி லைட் இல்லாமல் முடியாது, வரப்பில் பாம்பு கிடக்கும். சார்ஜ் ஏற்றுகிற டார்ச் வந்த பிறகு பேட்டரிக் கட்டையை வாங்கி வாங்கி எறிவது நின்றது. மீன் அமிலம் அடிக்க பேட்டரி ஸ்ப்ரேயர் வந்ததும் தோள்பட்டை தப்பித்தது.

வினை எல்லாம் அது செத்த பிறகுதான். சாணியும் வைக்கோலும் மக்கும். ஈயம், காட்மியம், பாதரசம் மக்காது. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியின் காட்மியம் மண்ணில் சேர்ந்தால் நெல்லும் கீரையும் வேர்வழியே எடுத்துக்கொள்ளும். சுருள் பல்பில் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தானே என்கிறார்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை 2001-ல் மூடினார்கள். 15 வருடம் கழித்தும் அந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் போனதைத் திரும்ப எடுப்பது அவ்வளவு லேசில்லை. சுருள் பல்பு வீட்டுக்குள் உடைந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் வெளியே இருந்துவிட்டு, கெட்டி அட்டையால் வழித்து பாட்டிலில் போட்டு மூடுங்கள்.

டிராக்டர் பேட்டரி செத்தால் பழைய இரும்புக்காரர் வீடு தேடி வருவார், ஈயத்துக்கு விலை உண்டு. சின்ன பேட்டரியையும் பல்பையும் சீந்த ஆளில்லை. பேட்டரி தயாரிப்பவர்களே பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டாயிற்று. எங்கள் ஊர்ப்பக்கக் கடையில் கேட்டால், "அதெல்லாம் டவுன்லதாங்க" என்கிறார். டவுனில் கேட்டால் சிரிக்கிறார்கள். விற்க மட்டும் கிராமம் வேண்டும், திரும்ப வாங்கக் கிராமம் கண்ணுக்குத் தெரியாதா?

கேட்கிற இடத்தில் நாம் சேர்ந்து கேட்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஸ்ப்ரேயர் வாங்கும்போது, "பழைய பேட்டரியை எடுத்துக்கிறேன்னு பில்லுல எழுதிக் குடுங்க" என்றால் கடைக்காரர் யோசிப்பார். வாங்கியதையும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் குப்பையே குறையும். தெளித்து முடித்த அன்றே சார்ஜ் போடுங்கள், வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை போடுங்கள். ஆசிட் பேட்டரியைக் காலியாகவே வைத்தால் சீக்கிரம் செத்துவிடும்.

எங்கள் சங்கக் கட்டடத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் இரண்டு வைத்திருக்கிறோம், ஒன்று பேட்டரிக்கு, ஒன்று பல்புக்கு. நிறைந்ததும் மின்கழிவு வாங்குகிற இடத்துக்கு ஏற்றிவிடுவதாகத் திட்டம், வண்டி வாடகை சங்கத்தோடது. முதல் ஆளாக அந்த வெடித்த பேட்டரியைப் போட்டது நான்தான். எருக்குழியின் அந்த மூலையில் அள்ளிய இரண்டு கூடை எருவை மட்டும் இன்னும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல், சாக்கில் கட்டித் தனியாக வைத்திருக்கிறேன்.