பறைக்கு வாசல், வீணைக்கு மேடை

கத்தோலிக்கக் கல்லூரிக் கலைவிழா அழைப்பிதழ் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறைவணக்க நடனம் யார், நட்டுவாங்கம் யார், வாய்ப்பாட்டு யார், வயலின் யார் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். அதற்கும் மேலே முதல் வரியில் 'பறையிசை முழக்கத்துடன் வரவேற்பு' என்று போட்டிருக்கும். முழக்குவது யார் என்று மட்டும் போட்டிருக்காது. பறை தானே முழங்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

இது ஏதோ அச்சுப்பிழை, அவசரத்தில் விட்டுப்போச்சு என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் இப்படி ஒரு கல்லூரியில் படித்தவன். தப்படிக்கிற குடும்பத்துக்காரன். எங்கள் தெருவே கோயில்பற்றுத் தெருதான். மாணவனாகவும் பிறகு கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கிறவனாகவும் இருபது வருசமாக இந்த விழாக்களைப் பார்க்கிறேன். இருபது வருசமாக ஒரே வரியில் விழுகிற பிழைக்குப் பெயர் பிழை அல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வயசு நானூறு.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, 'பரங்கி' என்ற பட்டத்தை உதறப் பார்ப்பன சந்நியாசி வேசம் போட்டார். மற்ற சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்களைச் சேசுசபை பிற்பாடு ஏற்படுத்தியது. வேதத்தையே இரண்டு வாசல் வழியாகக் கொடுத்தார்கள். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பி வைத்திருந்து, 1910இல் கௌசானல் சாமியார் அதை இடிக்க வேண்டியிருந்தது. இடித்ததற்காக வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சுவர் போச்சு. சுவர் எழுப்பிய புத்தி போச்சா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றிய ஏட்டில் அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் கொடுக்கச் சொன்னது. நல்ல விசயம். இங்கே என்ன செய்தார்கள்? 1969இல் இந்தியத் திருச்சபைக்கு ரோமாபுரி அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களைப் பாருங்கள். அஞ்சலி, பஞ்சாங்கப் பிரணாமம், ஆரத்தி, எண்ணெய் விளக்கு. பன்னிரண்டில் ஒன்றுகூட எங்கள் தெருவிலிருந்து போனதில்லை. 'பண்பாட்டுமயமாதல்' என்று இவர்கள் வாய் நிறையச் சொன்னபோது, பண்பாடு என்றால் அக்ரகாரத்தில் இருப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே முடிவாகியிருந்தது. சபையின் ஜனங்களில் பாதிக்கு மேல் சேரி ஜனங்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு இசை இருந்தது.

அதன் தொடர்ச்சிதான் கலை நிறுவனங்கள். திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி, விவிலியக் கதைகளைப் பரதத்தில் ஆட வைத்தது. இன்று அது கல்லூரி. பரதத்துக்கும் கர்நாடக இசைக்கும் பட்டம் தருகிறது. ஆடுகிற பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அந்தப் பரதம் எங்கிருந்து வந்தது? தேவதாசிப் பெண்களின் சதிரை 1930களில் எடுத்து, பெயர் மாற்றி, உடுப்பு மாற்றி, அந்தப் பெண்களையே வெளியே நிறுத்திவிட்டுச் செய்த சரக்கு அது. ஒருத்தியிடம் பறித்ததைப் புனிதம் என்று வாங்கிப் பீடத்தில் வைத்தவர்களுக்கு, பக்கத்துத் தெரு பறை மட்டும் தீட்டு!

வேடிக்கை இன்னொன்றும் உண்டு. மேடையில் வாசிக்கிற மிருதங்கம் இருக்கிறதே, அதன் தோலைப் பதம் பார்த்து, வார் இழுத்துக் கட்டியது யார்? தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பம் போன்ற தலித் கிறிஸ்தவர்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பெரிய வித்வான்களுக்கு மிருதங்கம் செய்து கொடுத்தார்கள். டி. எம். கிருஷ்ணா இதைப் பற்றி 'செபஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் புத்தகமே எழுதினார். வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் கையை விரித்தது. கலாக்ஷேத்ரா அப்படித்தான் செய்யும். நம் கத்தோலிக்க விழா அழைப்பிதழ்களில் மிருதங்கம் வாசிப்பவர் பெயருக்குக் கீழே செய்தவர் பெயரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவர்தானே?

எங்கள் சித்தப்பா குழுவை ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்த ஒன்றை மட்டும் திட்டிவிட்டு மற்றவை தப்பிக்கக் கூடாது. ஆறு பேர், விடிகாலை பஸ். எட்டு மணிக்கு வாசலில் நிற்கச் சொன்னார்கள், நின்றார்கள். சிறப்பு விருந்தினர் கார் வந்தது பத்தரைக்கு. பறையைத் தீயில் காய்ச்சினால்தான் சத்தம் கணீரென்று வரும். தோல் தளர்ந்தால் சொத்சொத்தென்று கேட்கும். வைக்கோல் போட்டு மூட்டப் போனால் வாட்ச்மேன் ஓடி வருகிறார். புதுசாகப் பதித்த கல்லாம், கரி பிடிக்குமாம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பழைய பேப்பரையும் அட்டைப்பெட்டியையும் கொளுத்திக் காய்ச்சினார்கள். கார் வந்ததும் அடித்துக்கொண்டே விருந்தினரை மண்டபப் படிவரைக்கும் கொண்டுபோனார்கள். படிக்கட்டில் ஒரு பேராசிரியர் கையைக் காட்டினார். போதும் என்று அர்த்தம். உள்ளே குத்துவிளக்கு ஏற்றி, சலங்கைச் சத்தம் ஆரம்பித்தாகிவிட்டது.

மத்தியானம் ஆளுக்கொரு சாம்பார் சாதப் பொட்டலம். கவரில் ஆறு பேருக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய். உள்ளே கச்சேரி செய்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்டபோது, அதெல்லாம் 'சன்மானம்' என்றார்கள். எங்களுக்குக் கொடுத்தது கூலி. இரண்டு சொல், இரண்டு கவர்.

மறுநாள் அதே மண்டபத்தில் தலித் அழகியல் கருத்தரங்கு. பறையின் அடிவகைகள் பற்றி ஒரு கட்டுரை. சாமியடி, சாவடி, மருளடி என்று ஒன்றொன்றாகச் சொல்லி, திரையில் சித்தப்பாவின் படத்தைப் போட்டார்கள். கீழே 'பறையிசைக் கலைஞர்' என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தை நான் வீட்டில் காட்டினேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்டா தம்பி, இது நான்தானே? எம் பேரு நாலெழுத்துதானடா. அதுக்கு எடமில்லாமப் போச்சா?"

ஆய்வு மொழியில் சித்தப்பாவுக்குப் பெயர் 'தகவலாளி'. போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கிற சொல். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒரு துறையே கண்டது. அங்கிருந்து நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறை தமிழ்நாட்டில் வளர்ந்த விதமே, பாடுகிறவள் தகவலாளி, பதிவு செய்கிறவர் முனைவர் என்பதுதான். நாடா காப்பகத்தில் இருக்கிறது. பாடியவள் களை வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

இலக்கியத்திலும் இதே கதைதான். மடத்தைவிட்டு வெளியே வந்த பாமா, 1992இல் 'கருக்கு' எழுதினார். கன்னியர் மடத்துக்குள்ளே சாதி என்ன பாடுபடுத்தியது என்று சொன்ன புத்தகம். இன்று அது கல்லூரிகளில் பாடப்புத்தகம். கருத்தரங்கு முடிந்து சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. மடமும் விடுதியும் வேலை நியமனமும் பற்றி அந்தப் புத்தகம் கேட்ட கேள்விக்குச் சான்றிதழ் எங்கே?

நம்மவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது, அதை ஒளிக்க விரும்பவில்லை. பறையே வேண்டாம், அது சாவுக்கும் அடிமை வேலைக்குமான அடையாளம் என்று தூக்கி எறிந்தவர்கள் நம்மில் உண்டு. ஊர்க்கட்டளைக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்து உதை வாங்கிய ஊர்கள் உண்டு. அந்த மறுப்பு பெரிய போராட்டம். அதற்குப் பிறகுதான் 1990களில் பறையைக் கலையாக, கோபமாகத் திரும்பக் கையில் எடுத்தோம். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவை ஆரம்பித்துத் தலித் பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தவர் சிஸ்டர் சந்திரா, ஒரு கன்னியாஸ்திரி. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கர்நாடகத்தை ஒதுக்கிவைத்து நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே கட்டினார். அது சீர்திருத்தச் சபைக்காரர்கள் இடம். ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை. செய்தவர்கள் செய்திருக்கிறார்கள். நான் கேட்பது, யார் சொல்லி, யாருக்காக, எங்கே நின்று அடிப்பது என்பதைத்தான். வாசலில் நின்று விருந்தினரை அழைத்து வருவது என்றால் அது ஊர்க்கட்டளைதான். பண்ணையார் காருக்குப் பதில் துணைவேந்தர் கார்.

1950 ஆணையால் பறிபோன பட்டியல் சாதி உரிமை கேட்டு ஒவ்வொரு ஆகஸ்ட் 10உம் திருச்சபை கருப்பு தினம் நடத்துகிறது. அந்த ஊர்வலங்களில் பறை வேண்டியிருக்கிறது. அரசாங்கத்திடம் கேட்கும்போது பறை முன்னால், நம்மிடம் கேட்கும்போது பறை வெளியே.

இதை எழுதினால் காவிக் கூட்டம் கைதட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். 2019 ஜனவரியில் சென்னை லயோலா வளாகத்தில் வீதி விருது விழா நடந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களை அழைத்து விருது கொடுக்கிற விழா. உண்மையிலேயே நல்ல முயற்சி. அங்கே வைத்த ஓவியங்களை எதிர்த்து பா.ஜ.க. கூச்சல் போட்டது. கல்லூரி மன்னிப்புக் கேட்டது, இடம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்றது. சிறுபான்மை நிறுவனத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. மிரட்டியவர்கள் பக்கம் நான் நிற்கவே மாட்டேன். ஆனால் 'இடம்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். விழா நம்முடையது, கலைஞர்கள் நம்முடையவர்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. மண்டபத்தை வாடகைக்கு விட்டவர் பேச்சாகப் போய்விட்டது. அங்கே ஆடிய, அடித்த கலைஞர்களின் பெயர்கள் எந்தச் செய்தியிலும் வரவுமில்லை.

சாக்குகள் எனக்குத் தெரியும். பல்கலைக்கழக விதி இடம் கொடுக்காது என்பார்கள். லயோலாவும் திருச்சி தூய வளனார் கல்லூரியும் 1978இலேயே தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டம் எழுதுவது அவர்கள் கையில். ஆசானுக்குப் பட்டம் இல்லையே, எப்படி வேலை கொடுப்பது என்பார்கள். தொழில் அனுபவம் உள்ளவரைப் பட்டம் இல்லாமலே பேராசிரியராக அமர்த்தலாம் என்று யு.ஜி.சி.யே 2022இல் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தில்லிக்காரனுக்குத் தெரிந்தது மறைமாவட்டத்துக்குத் தெரியாதா?

விடுதிகளில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அரசு உதவி வாங்கும் கல்லூரிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று உச்சநீதிமன்றம் 2019இல் சொல்லியாகிவிட்டது. பத்து ரூபாய் கட்டணம். கடந்த பத்து ஆண்டில் எத்தனை கலைவிழா நடந்தது, எந்தக் கலைஞருக்கு எவ்வளவு தொகை, காசோலையா கவரா, பறைக்குழுவுக்கு எவ்வளவு, அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, இசையும் நடனமும் சொல்லித்தருகிற ஆசிரியர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை, பதிலே வராவிட்டால் அனுப்பிய மனுவின் நகலை, இந்த இதழுக்கு அனுப்பிவையுங்கள்.