நீலக் குட்டியும் எங்கள் நிலமும்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கப் போகிறவர்களின் கண்ணில் அந்த நீலக் குட்டி படாமல் இராது. பெருத்த தலை, அகன்ற காது, முகத்தில் பாதியை நிறைக்கும் கண். தண்ணீர்ப் போத்தலிலும் கொப்பி மட்டையிலும் அதுவே சிரிக்கிறது. ஸ்டிச் என்பது பெயர். 2002 ஜூனில் டிஸ்னி வெளியிட்ட 'லிலோ அன்ட் ஸ்டிச்' என்ற கார்ட்டூன் படத்தில் வந்தது. 2025 இல் அதே கதையை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். இன்றைய பிள்ளைகளும் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

படம் பார்க்காத பெற்றோர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பையில் சிரிக்கும் அந்தக் குட்டி ஓர் ஆயுதம். வேற்றுக் கிரக விஞ்ஞானி ஒருவர் சட்டத்துக்கு மாறாக ஆய்வுகூடத்தில் உருவாக்கிய அதற்கு 626 என்று இலக்கமிட்டிருந்தார்கள். குண்டு துளைக்காது, நெருப்புச் சுடாது, தொட்டதை எல்லாம் உடைப்பதே அதன் இயல்பு. தப்பி வந்து ஹவாய்த் தீவில் விழுகிறது. அங்கே மேலதிகமான இரண்டு கைகளையும், முதுகு முட்களையும், உணர்கொம்புகளையும் உடம்புக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு நாய்க்குட்டியாக நிற்கிறது. தாய் தகப்பனை விபத்தில் இழந்து அக்காவின் கையில் வளரும் லிலோ என்ற சிறுமி, அதை நாய் என்றே நம்பி வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள்.

அவள் நம்பியதில் வியப்பில்லை. ஒஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943 இலேயே இதற்கு விளக்கம் சொன்னார். தலை பெருத்து, நெற்றி உயர்ந்து, கண் விரிந்து, கன்னம் உப்பி, கைகால் குறுகிய எந்த உருவத்தைக் கண்டாலும் மனிதருக்குத் தூக்கி அணைக்கத் தோன்றும். கைக்குழந்தையைக் கைவிடாமல் வளர்ப்பதற்கு இயற்கை எங்களுக்குள் வைத்த ஏற்பாடு அது. கார்ட்டூன் வரைகிறவர்களுக்கு இது கைவந்த கலை. மிக்கி மவுஸின் தலையும் கண்ணும் ஆண்டுகள் போகப் போகப் பெருத்துக் குழந்தை முகமாகிப்போனதை உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் அளந்தே காட்டியிருக்கிறார்.

ஆகவே அழகானதைக் கண்டு கை நீட்டும் பிள்ளையில் பிழையில்லை. கண் சொன்னதை அது நம்புகிறது. வன்னியில் பிள்ளை வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டியதும் இந்த நம்பிக்கைக்குத்தான்.

உலகம் இதைக் குழந்தைகளின் கைகால்களை விலையாகக் கொடுத்துப் படித்திருக்கிறது. 1980களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் வானத்திலிருந்து கொட்டிய ஒரு வகை மிதிவெடிக்குச் சிறகு இருந்தது. காற்றில் மிதந்து இறங்குவதற்காக வைத்த அந்தச் சிறகு பிள்ளைகளின் கண்ணுக்கு வண்ணத்துப்பூச்சியாகத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் அழுத்தத்திலும் அது வெடிக்கும். எடுத்த உடனே ஒன்றும் நடக்காமல், கையில் வைத்து அமுக்கி அமுக்கி விளையாடும்போது வெடிக்கலாம். 2001 இல் அதே நாட்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட கொத்துக்குண்டுகளின் சிறு குண்டுகள் மஞ்சள் நிறம். பசித்த சனங்களுக்கு என்று போட்ட உணவுப் பொதிகளும் மஞ்சள். பிறகுதான் பொதியின் நிறத்தை மாற்றினார்கள்.

படம் வந்த அதே 2002 இல் வன்னி இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். பெப்ரவரி 22 ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. இடம்பெயர்ந்த சனம் பற்றை மூடிக் கிடந்த வளவுகளுக்குத் திரும்பியது. அந்த மண்ணில் உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் மிதிவெடிகளும், மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடிகளும் புதைந்திருந்தன. 2009 மே மாதத்தில் சண்டை முடிந்த பிறகு மறுபடி திரும்பியபோது, அவற்றோடு வெடிக்காத எறிகணைகளும் கைக்குண்டுகளும் சேர்ந்திருந்தன. மழை மண்ணை அரித்துக் கொண்டுபோக, புதைந்தது மேலே வரும். பளபளக்கும் உலோகத் துண்டு, உருண்டையான ஒன்று, மூடி போட்ட டப்பா மாதிரியான ஒன்று. விளையாட்டுச் சாமான் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான். வருமானம் குறைந்த வீட்டுப் பெரியவருக்கு அது நிறுத்து விற்கக்கூடிய பழைய இரும்பு. இரண்டு பேரையும் அதனிடம் கொண்டுபோவது இல்லாமைதான்.

கார்ட்டூனைக் கொண்டே இந்த ஆபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முயற்சியும் நடந்திருக்கிறது. 1996 இல் பொஸ்னியப் பிள்ளைகளுக்காக யுனிசெஃப் நிறுவனமும் அமெரிக்க அரசும் டிசி காமிக்ஸும் சேர்ந்து சுப்பர்மேன் சித்திரக்கதை ஒன்றை அச்சிட்டன. அங்கே புழங்கும் இலத்தீன், சிரிலிக் என்ற இரண்டு எழுத்திலும் அது வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனாலும் பறந்து வந்து காப்பாற்றுகிற ஒருவரை மிதிவெடிக் கதையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வயலில் தனியே நிற்கும் பிள்ளைக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. தொடாமல் நின்று, போன வழியே திரும்பி, பெரியவர்களிடம் சொல்லுகிற பிள்ளையே அந்தக் கதையின் வீரராக இருக்க வேண்டும். வன்னியில் தெருக்கூத்தும் ஓவியமும் கொண்டு அபாயக் கல்வி நடத்தியவர்கள் செய்தது அந்த வேலை. சண்டையே காணாத, 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

ஸ்டிச் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. அழிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட அந்த உயிர், ஒரு சிறிய, உடைந்த வீட்டுக்குள் சேர்ந்து மாறுகிறது. யாரையும் விட்டுவிடாததுதான் குடும்பம் என்று லிலோ அதற்குக் கற்றுக்கொடுக்கிறாள். தன்னை ஆக்கியவர் எதற்காக ஆக்கினார் என்பதை விட, தன்னைச் சேர்த்துக்கொண்டவர்கள் யார் என்பது அதற்குப் பெரிதாகிறது.

படத்தைப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கும் பெரியவர்கள் ஒரு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உயிர் மாறும், பொருள் மாறாது. முப்பது வருடத்துக்கு முன் புதைத்த மிதிவெடிக்குச் சண்டை முடிந்தது தெரியாது. போட்டவர் யார், மிதிப்பவர் யார் என்றும் தெரியாது. அன்பு காட்டினாலும் பொறுமை காட்டினாலும் அது அதே மிதிவெடிதான். அதனிடம் செய்யக்கூடியது விலகி நிற்பதும், தெரிந்தவர்களை அழைப்பதும் மட்டுமே.

ஆனால் எங்கள் ஊர்களில் நாங்கள் இதை மாறி விளங்கி வைத்திருக்கிறோம் என்பது என் கவலை. சிறுவயதிலேயே சண்டைக்குள் இழுக்கப்பட்டு, பிறகு முகாமும் புனர்வாழ்வும் கடந்து வீட்டுக்கு வந்தவர்களைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள், கலியாணம் பேசத் தயங்குகிறார்கள். அதே ஆட்கள் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் காணி ஓரத்தில் மாடு கட்டப் பயப்படுவதில்லை. மாறக்கூடிய மனிதரை விலக்கி, மாறாத இரும்போடு பழகிப்போவது எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்வது.

முகமாலைக்குப் போனால் இதற்கான பதிலைக் கண்ணால் பார்க்கலாம். பல வருடம் இரண்டு தரப்பின் முன்னரங்கமாகக் கிடந்த நிலம் அது. அங்கே முழந்தாளிட்டு இருந்து, முகக்கவசத்துக்குள் வேர்த்து, விறாண்டியால் மண்ணை மெல்ல மெல்ல இழுத்து மிதிவெடி எடுத்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். கணவனைச் சண்டைக்குக் கொடுத்துவிட்டு வீட்டைத் தனியே சுமப்பவர்கள் அவர்களில் உண்டு. முன்னாள் போராளிகளும் உண்டு. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் என்ற நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இவர்கள். ஒரு காலத்தில் சண்டைக்கென்று ஆக்கப்பட்ட கைகளே இன்று இன்னொருவரின் பிள்ளை ஓடி விளையாட மண்ணைத் துப்புரவாக்குகின்றன. ஸ்டிச்சின் கதை எங்கள் மண்ணில் உண்மையாக நடந்திருப்பது இங்கேதான்.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி மண்ணை முழுதாகத் துப்புரவாக்க வகுத்த கெடு 2028 ஜூன் 1. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது உலகின் பல இடங்களில் மிதிவெடி அகற்றும் பணி தடைப்பட்டது. பிறர் பணத்தை நம்பி இருக்கும் வேலைக்கு இப்படியான ஆபத்து எப்போதும் உண்டு. வன்னியின் மண்ணைத் துப்புரவாக்குவதைக் கொழும்பு தன் சொந்தக் கடமையாக, தன் வரவுசெலவுத் திட்டத்தில் எழுத வேண்டும். எங்கள் மக்கள் பிரதிநிதிகள் அதை ஒவ்வொரு வருடமும் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் நீலக் குட்டிப் பையோடு பள்ளிக்கூடம் போகட்டும், படத்தை ஆசையாகப் பார்க்கட்டும். பக்கத்தில் இருந்து இரண்டு விடயத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். தெரியாத பொருளை எவ்வளவு வடிவாக இருந்தாலும் தொடக்கூடாது. பிழையான இடத்தில் இருந்து வந்த மனிதரை எவ்வளவு பயமாக இருந்தாலும் ஒதுக்கக்கூடாது. முதலாவதைப் பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவதை அவர்கள் எங்களைப் பார்த்துத்தான் படிப்பார்கள். அதனால் அதை முதலில் நாங்கள் செய்து காட்ட வேண்டும்.