ஆலை வாசலில் விளம்பரத்துக்கு எதற்கு கேட் பாஸ்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கிளம்பும் லோடு லாரிக்கு ஆந்திர எல்லை ரொம்பப் பக்கம். தேசிய நெடுஞ்சாலை 16-இல் எளாவூர் சோதனைச் சாவடி, அப்புறம் ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் அடுத்த மாநிலம். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு எல்லை தாண்ட இ-வே பில் கட்டாயம். லாரி தார்ப்பாய் கட்டி நிற்கும். உள்ளே பில்லிங் மேசையில், "சார், பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு" என்று குரல் வரும். அதே மேசையில் ஒருவர் பிடிஎஃப் கோப்பைச் சுருக்கித் தரும் இலவசத் தளம் ஒன்றைத் திறந்திருப்பார். அதில் ‘டவுன்லோடு’ என்று நான்கு பச்சைப் பொத்தான்கள். ஒன்றுதான் நிஜம், மற்ற மூன்றும் விளம்பரம். சிப்காட்டானாலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையானாலும், எந்தச் சின்ன ஆலை அலுவலகத்திலும் நடக்கக்கூடியதுதான் இது.

தப்பான பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? சில நேரம் ஒன்றும் ஆகாது. சில நேரம் மறுநாள் காலை டேலி கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு அறிவிப்பு நிற்கும். சந்தேகத்துக்குரிய தளங்களுக்குப் போனால்தான் ஆபத்து என்பதும் இல்லை. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களின் பக்கங்களிலேயே விளம்பர வலைப்பின்னல் வழியாகத் தீய நிரல்கள் வந்து சேர்ந்தன. 2022 டிசம்பர் 21-இல் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடல் முடிவுகளில் பிரபல நிறுவனங்களைப் போல வேடமிட்டு வரும் விளம்பரங்களைப் பற்றி எச்சரித்தது. விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. ஒரு புலனாய்வு அமைப்பே அப்படிச் சொல்லும் அளவுக்கு நிலைமை போய்விட்டது.

ஒவ்வொரு கணினியிலும் தடுப்பானைப் போடுவது ஒரு வழி. ஆனால் இருபது கணினிக்கு இருபது முறை போட வேண்டும். ஒருவர் நீக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. வாசலிலேயே நிறுத்துவது இன்னொரு வழி. அதற்குத்தான் பிராக்ஸி சர்வர்.

ஆலையின் செக்யூரிட்டி கேபினை நினைத்துக்கொண்டால் போதும். உள்ளே யார் எதைக் கேட்டாலும் கோரிக்கை கேபின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் செய்தி ஒரு சர்வரிலிருந்து வரும். விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் வேறு பத்து இருபது சர்வர்களிலிருந்து வரும். அந்தப் பத்து இருபதின் பெயர்கள் கேபினில் ஒட்டியிருந்தால் அவற்றுக்கான கோரிக்கை வாசலோடு நின்றுவிடும். பக்கமும் வேகமாகத் திறக்கும். ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள் 1996-லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்று சின்ன அலுவலகத்துக்குப் போதும். விளம்பர சர்வர்களின் பட்டியலை நாமே எழுத வேண்டியதில்லை. பீட்டர் லோ என்பவர் பராமரிக்கும் பட்டியல் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்க்விட்டுக்கு ஏற்ற வடிவிலும் கிடைக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அவசரத்தில். ஸ்க்விட் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ‘அலுவலகக் கணினிகள் எல்லாவற்றையும் அனுமதி’ என்ற வரி மேலேயும் ‘விளம்பரத்தைத் தடு’ என்ற வரி கீழேயும் இருந்தால் தடை வெறும் காகிதத் தடைதான். இன்னொரு தவறு, பட்டியலுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்துத் தடுப்பது. விளம்பரம் என்பதற்கான ‘ஏ’, ‘டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் முகவரியில் எங்கே வந்தாலும் மறி என்று ஒரே வரி எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஆதார்’ என்று எழுதினால் அதிலும் அந்த இரண்டு எழுத்து சேர்ந்து வரும். ‘தமிழ்நாடு’, ‘மெட்ராஸ்’ எல்லாவற்றிலும் வரும். ஊரையே தடுத்துவிட்டு, "நெட் போச்சு" என்று பிஎஸ்என்எல்லுக்கு போன் போட வேண்டியதுதான். முழு டொமைன் பெயரை வைத்துத் தடுப்பதே சரி.

இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ் வழியில் இயங்குகின்றன. அதாவது, தார்ப்பாய் போட்டுச் சீல் வைத்த லாரி. எந்த முகவரிக்குப் போகிறது என்பது கேபினுக்குத் தெரியும். உள்ளே என்ன சரக்கு என்பது தெரியாது. அதனால்தான் யூடியூப் விளம்பரங்களை இந்த முறையில் நிறுத்துவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்: வீடியோ வரும் முகவரிகளிலிருந்தே விளம்பரமும் வருகிறது. சீலை உடைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. ஒவ்வொரு கணினியிலும் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழை ஏற்றிவிட்டால் போதும். அப்படிச் செய்தால் ஊழியரின் வங்கிக் கடவுச்சொல் வரை அந்தப் பழைய டெஸ்க்டாப் வழியாகத் திறந்த நிலையில் போகும். பில்லிங் அறைக்கு இது தேவையே இல்லாத ஆபத்து.

இங்கேதான் கவனம் வேண்டும். விளம்பர சர்வரைத் தடுப்பது பாதுகாப்பு. வேலைவாய்ப்புத் தளம், தொழிற்சங்கத் தளம், செய்தித் தளம் என்று ஆள் பார்ப்பதைத் தடுப்பது நிர்வாகம் எடுக்கும் வேறு முடிவு. இரண்டுக்கும் கருவி ஒன்றுதான். அதனால் முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு பட்டியல்களையும் தனித்தனிக் கோப்பில் வைக்க வேண்டும். இரண்டாவது பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு யாராவது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

பதிவேடு விஷயமும் அப்படித்தான். யார் எத்தனை மணிக்கு எந்த முகவரிக்குப் போனார்கள் என்பதை ஸ்க்விட் எழுதிவைக்கும். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதில் சொல்லப்பட்ட வகைத் தாக்குதல்கள் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆக, பதிவை அழிக்கச் சொல்ல முடியாது. ஆனால் அது தாக்குதல் நடந்தால் திறக்க வேண்டிய பதிவேடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் எந்த மருத்துவமனைத் தளத்தைப் பார்த்தார் என்று சூப்பர்வைசர் புரட்டுவதற்கானது அல்ல. இப்படி ஒரு பதிவு ஓடுகிறது என்பதை நோட்டீஸ் போர்டில் தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் இந்தியிலும் ஒட்டுவதற்கு ஒரு தாள்தான் செலவு.

செய்தித் தளங்கள் விளம்பர வருமானத்தில் ஓடுகின்றன என்பதையும் மறைக்க முடியாது. இந்தப் பக்கமும் விதிவிலக்கல்ல. நம்பும் தளத்துக்குச் சந்தா கட்டலாம். அதற்காக ஆலையின் கணக்குக் கணினியை முகம் தெரியாத ஏல வலைப்பின்னலுக்குத் திறந்துவைக்கச் சொல்வது நியாயமில்லை.

கடைசியாக, ஒரு நடைமுறை விஷயம். ஹெச்டிடிபிஎஸ் தளத்தைப் பிராக்ஸி மறிக்கும்போது ‘இது தடுக்கப்பட்டது’ என்ற அழகான பக்கம் வராது; இணைப்பு இல்லை என்பது போன்ற பிழைதான் திரையில் தெரியும். தடை நீக்கக் கேட்க வேண்டிய இன்டர்காம் எண் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். பட்டியலைப் புதுப்பிக்கும் நாளையும் பார்த்து வைக்க வேண்டும். 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப், 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி. புதுப் பட்டியலை 21-ஆம் தேதி ஏற்றினால் போதும்.