கணக்கும் அமானிதமே: கணனிப் பதிவு கெட்டால் என்ன செய்வது?



வெலிமடைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் இம்மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரது ஊரில் பெண்கள் சேர்ந்து ஒரு சேமிப்புச் சங்கம் நடத்துகிறார்கள். ஊர்ப் பெண்களோடு, பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயன்களில் குடியிருக்கும் பெண்களும் அதில் அங்கத்தவர்கள். மாதச் சந்தா, அவசரக் கடன், கடன் திரும்பி வந்த விபரம் எல்லாம் ‘மைக்ரோசொப்ட் அக்சஸ்’ என்ற தரவுத்தளத்தில் பதியப்படுகின்றன. ஒரு நாள் பின்னேரம் இடிமழையில் மின்சாரம் நின்றுவிட்டது. மறுநாள் கோப்பைத் திறந்தபோது, ‘இதன் அமைப்பை அடையாளம் காண முடியவில்லை’ என்று கணனி சொன்னது. கடையில் கொடுத்துப் பழுதுபார்த்ததில் கோப்பு திறந்துகொண்டது. ஆனால் வயதான ஓர் அங்கத்தவரின் பெயருக்கு நேரே இரண்டு மாதச் சந்தாவைக் காணவில்லை. “மகள், உன் கையிலேதானே தந்தேன்!” என்று அவர் கண்கலங்கினாராம். “கணனி பொய் சொல்லுமா?” என்று கூட்டத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

கணனி பொய் சொல்லாதுதான். ஆனால் அது மறந்துபோகும். மறந்ததை நம்மிடம் சொல்லவும் மாட்டாது. திறக்க மறுக்கும் கோப்பைக் கண்டு நாம் எச்சரிக்கை ஆகிவிடுகிறோம். சில வரிகளை இழந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் திறக்கும் கோப்புத்தான் ஆபத்தானது. அதை நம்பி ஓர் ஏழைப் பெண்ணைக் கடன்காரியாக்கிவிடலாம். ஆகவே கோப்பைத் திறக்க வைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கணக்கைச் சரிபார்த்த பின்னரே அது முடிகிறது.

ஏன் கெடுகிறது?

அக்சஸில் பெயர்ப் பட்டியல், சந்தா, கடன், படிவங்கள் அனைத்தும் பெரும்பாலும் ஒரே கோப்புக்குள் இருக்கும். அந்தக் கோப்பு உள்ளே 4 கிலோபைட் அளவான சிறுசிறு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒருவரின் சந்தாவை நீங்கள் பதியும்போது ஒரு பக்கம் மட்டும் மாறுவதில்லை. சந்தா வரி எழுதப்படும் பக்கமும், அந்த வரியைத் தேடிப் பிடிக்க உதவும் சுட்டிப் பக்கமும் மாறவேண்டும். ஒன்று எழுதப்பட்டு மற்றது எழுதப்படுமுன் மின்சாரம் நின்றால் கோப்பு அரைகுறையாகிவிடும்.

நம் மலைநாட்டில் இது அடிக்கடி வரும் சோதனை. ஊவாவில் இடைப்பருவ காலத்துப் பின்னேர இடிமழை யாருக்கும் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. நேரம் அறிவித்து வெட்டினால் முன்கூட்டியே மூடிவைக்கலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதே, அப்படிச் சொல்லாமல் வரும் தடைதான் கோப்பைக் கெடுக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. பென் டிரைவில் வைத்தே வேலை செய்து, மூடாமல் பிடுங்குவது ஒன்று. இரண்டு கணனிகளில் வைபை வழியாக ஒரே கோப்பைத் திறந்திருக்கும்போது தொடர்பு அறுந்துபோவது இன்னொன்று. இணையத்தோடு தானாகவே ஒத்திசையும் கோப்புறையில் அதை வைத்து, இருவர் ஒரே நேரத்தில் திருத்துவதும் ஆகாது. ஓர் அக்சஸ் கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளரவும் முடியாது. புகைப்படங்களை உள்ளே சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கெடாததைக் கெட்டதென எண்ணாதீர்கள்

பதறுவதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது: ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று கணனி சொல்லலாம். அக்சஸ் திறந்திருக்கும்போது அதே பெயரில் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பை உண்டாக்கும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் எல்டிபி என முடியும். 2007 முதல் வந்த புதிய அமைப்பில் எல்ஏசிசிடிபி என முடியும். மின்சாரம் நின்றால் அது அழியாமல் தங்கிவிடும். எல்லாக் கணனிகளிலும் அக்சஸை மூடிவிட்டோம் என்று உறுதியான பின் அந்தச் சின்னக் கோப்பை மட்டும் அழிக்கலாம். அதில் உங்கள் கணக்கு எதுவும் இல்லை.

இரண்டாவது: புதிய கணனியில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியலாம். பாமினி எழுத்துருவில் அடித்த பதிவுகளுக்கு இது நேரும். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. பாமினி எழுத்துரு இல்லாத கணனி அவற்றை அப்படியே காட்டுகிறது. எழுத்துருவை நிறுவினால் பெயர்கள் திரும்பி வரும். நிரந்தரத் தீர்வு யுனிகோட்டுக்கு மாற்றுவது. அதையும் ஒரு பிரதியில்தான் செய்து பார்க்க வேண்டும். குப்பை என்று எண்ணி வரிகளை அழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது: சில வேளை பிழை மென்பொருளிலேயே இருக்கும். 2019 நவம்பரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பின், சந்தா விபரத்தை மாற்றும் சாதாரண கட்டளைக்குக்கூட ‘கட்டளை கெட்டுவிட்டது’ என்று அக்சஸ் உலகம் முழுவதும் சொன்னது. யாருடைய பதிவும் கெடவில்லை. பின்னர் நிறுவனமே திருத்தத்தை வெளியிட்டது.

மெய்யாகவே கெட்டிருந்தால் அடையாளங்கள் வேறு. வரியில் பெயருக்குப் பதில் ‘அழிக்கப்பட்டது’ என்ற ஆங்கிலச் சொல் நிற்கும். சீன எழுத்துகள் போன்றவை தோன்றும். ஒரு குறிப்பிட்ட வரியைத் தொட்டதும் அக்சஸ் மூடிக்கொள்ளும்.

முதல் ஒரு மணி நேரம்

ஒன்று: எல்லாரும் மூடுங்கள். மீண்டும் மீண்டும் திறந்து பார்க்காதீர்கள்.

இரண்டு: கெட்ட கோப்பை அப்படியே பிரதியெடுத்து, பெயரில் திகதியைச் சேர்த்துத் தனியே வையுங்கள். கெட்டதை ஏன் பிரதியெடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பழுதுபார்க்கும்போது அக்சஸ் தன்னால் வாசிக்க முடியாத வரிகளை நீக்கிவிடக்கூடும். ஒரு முறையில் கிடைக்காத வரி இன்னொரு முறையில் கிடைக்கலாம். மூலம் இருந்தால்தான் அது முடியும்.

மூன்று: இன்னொரு பிரதியில், அக்சஸிலேயே இருக்கும் ‘கொம்பெக்ட் அன்ட் ரிப்பெயார்’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். சிறிய பழுதுகள் பல இதிலேயே தீரும். முடிந்ததும் ‘எம்சிஸ் கொம்பெக்ட் எரர்ஸ்’ என்ற புதிய அட்டவணை தோன்றியிருக்கிறதா என்று பாருங்கள். தோன்றியிருந்தால் பழுதுபார்க்கும்போது ஏதோ இடறியிருக்கிறது. அங்கத்துவ இலக்கத்துக்கு இருந்த முதன்மைச் சுட்டியும் போயிருக்கலாம். அது போனால் ஒரே இலக்கம் இருவருக்கு விழுவதை அக்சஸ் தடுக்காது.

நான்கு: அதிலும் திறக்காவிட்டால் புதிய வெற்றுத் தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கி, கெட்ட பிரதியிலிருந்து அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யுங்கள். ஓர் அட்டவணை மட்டும் வர மறுத்தால் அதைத் துண்டு துண்டாக எடுங்கள்: அங்கத்தவர் இலக்கம் 1 முதல் 50 வரை, பிறகு 51 முதல் 100 வரை. எந்தத் துண்டில் நிற்கிறதோ அதற்குள்தான் கெட்ட வரி இருக்கிறது. நீண்ட குறிப்பு எழுதும் கட்டமே பெரும்பாலும் தொல்லை கொடுக்கும். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தால் வரி பிழைக்கலாம்.

ஐந்து: எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக எடுத்த நல்ல பிரதியிலிருந்து தொடங்கி, அதற்குப் பிந்திய பற்றுச்சீட்டுகளைத் திரும்பப் பதியுங்கள்.

கடையில் கொடுக்க நேர்ந்தால் பக்கத்தில் இருந்து செய்வியுங்கள். யார் கடன் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்பது அந்தப் பெண்ணின் இரகசியம். அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் அதிலே இருக்கின்றன. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அமானிதம் அமானிதமே.

திறந்த பின் சரிபார்த்தல்

மூன்று எண்ணிக்கைகளை ஒப்பிடுங்கள். அங்கத்தவர் தொகை சரியா? மொத்தப் பணம் வங்கிப் புத்தகத்தோடும் கையிருப்போடும் ஒத்துப்போகிறதா? ஒவ்வொருவரின் சந்தாவும் பற்றுச்சீட்டு அடிக்கட்டையோடு ஒத்துப்போகிறதா?

வெலிமடைச் சகோதரிக்கு இரண்டாவது எண்ணிக்கையே வழிகாட்டும். உதாரணமாக, சந்தா மாதம் 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வங்கியிலும் கையிலும் கடனாக வெளியிலும் உள்ள பணம் 128,000 ரூபா. கணனியில் பெயர் வாரியாகக் கூட்டினால் 127,000 ரூபாதான் வருகிறது. பணம் இருக்கிறது, பதிவு இல்லை. அந்த 1,000 ரூபா யாரோ கட்டிய இரண்டு சந்தாக்கள். வேறு எவருக்கும் குறையில்லை என்றால் அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. அடிக்கட்டை கிடைக்காவிட்டால், அன்று பணம் சேர்த்தபோது உடனிருந்தவர்களிடம் கேளுங்கள். இந்த ஒப்பீடு முடியும்வரை ‘உங்களுக்கு நிலுவை இருக்கிறது’ என்று எவரிடமும் சொல்லக் கூடாது. அவர் கட்டியது உறுதியானதும் அதைக் கூட்டத்திலேயே அறிவியுங்கள். சந்தேகம் எழுந்தது கூட்டத்தில். அது தீரவேண்டியதும் அங்கேதான்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுதவேண்டும் என்றும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்கக் கூடாது என்றும், சாட்சிகளை வைக்க வேண்டும் என்றும் அது நமக்குக் கற்பிக்கிறது. எழுத்தும் வேண்டும், சாட்சியும் வேண்டும். பொருளாளரின் கணனி எழுத்து, பற்றுச்சீட்டு சாட்சி.

பிரதி எங்கே இருக்கிறது?

யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, அபூபக்ர் (ரழி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களைக் கொண்டு அதனை ஒன்றுதிரட்டினார்கள். அந்த ஏடுகள் பின்னர் ஹஃப்ஸா (ரழி) அன்னையாரிடம் இருந்தன. உஸ்மான் (ரழி) அவர்கள் அவற்றை வாங்கிப் பிரதிகள் எடுப்பித்து, மூலத்தை அன்னையாரிடமே திருப்பிக் கொடுத்து, பிரதிகளைப் பல பகுதிகளுக்கு அனுப்பினார்கள். மூலம் ஒரு பெண்ணின் பொறுப்பில் பத்திரமாக இருந்தது. பிரதிகள் வெவ்வேறு ஊர்களில் இருந்தன. பிரதி எடுப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

வெவ்வேறு இடம் என்பது நமக்கு மிக முக்கியம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. காணாமற்போனோர் பல நூறு பேர் என்று முதலில் சொல்லப்பட்ட தொகை பின்னர் குறைந்தது. யார் யார் அங்கே இருந்தார்கள் என்று திருத்தமாகச் சொல்ல முடியாமற்போனது எத்தனை வேதனை! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டம் பல மண்சரிவுகளைக் கண்டது. கணனியும் பென் டிரைவும் ஒரே அலுமாரியில் இருந்தால் அவை இரண்டு பிரதிகள் ஆகா.

இணையத்தில் போட்டுவிட்டோம் என்றும் இருந்துவிட வேண்டாம். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணனி தாக்கப்பட்டபோது, அரச அலுவலக மின்னஞ்சல்களில் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு மறுபிரதி கைகொடுக்கவில்லை.

ஆகவே இவற்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேசைக் கணனிக்கு ஒரு யூபிஎஸ் பொருத்துங்கள். அது தரும் சில நிமிடங்கள் கோப்பை மூடப் போதும். இடி முழங்கத் தொடங்கினால் வேலையை நிறுத்திச் செருகியைக் கழற்றுங்கள். வன்தட்டில் வைத்து வேலை செய்து, முடிந்த பின்பே பென் டிரைவுக்குப் பிரதியெடுங்கள். இருவர் பயன்படுத்துவதானால் தரவு ஒரு கோப்பிலும் படிவங்கள் இன்னொரு கோப்பிலுமாகப் பிரித்து, கம்பி வழித் தொடர்பையே பாவியுங்கள். மாதம் ஒரு முறை, பிரதியெடுத்த பின், ‘கொம்பெக்ட்’ செய்யுங்கள். கடவுச்சொல் இட்ட ஒரு பிரதியை வேறோர் ஊரில் உள்ள நம்பகமான அங்கத்தவர் வீட்டில் வையுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

கார்பன் தாள் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகத்தை மட்டும் கைவிடாதீர்கள். மின்சாரம் நின்றாலும் அது பேசும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். இந்த மாதச் சந்தா சேர்க்கும் நாளிலேயே அதைத் தொடங்குங்கள். பிறர் பணத்தைக் காக்கும் பொறுப்பில் அல்லாஹ் நம் எல்லோருக்கும் நேர்மையையும் விழிப்பையும் தருவானாக, ஆமீன்.