வாப்பாவின் ஜிஎஸ்டி பாக்கி யார் கடன்?

ஜிஎஸ்டியின் முதல் மூன்று நிதியாண்டு நிலுவைகளுக்கு (2017-18 முதல் 2019-20 வரை) வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று அரசு அறிவித்த சமாதானத் திட்டம் முடிந்துவிட்டது. மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத நோட்டீஸ்களுக்கே அது பொருந்தியது. பெரும்பாலான வணிகர்களுக்கு 2025 மார்ச் 31 கடைசி நாள். அதற்குள் அசல் வரியைக் கட்டி, மேல்முறையீட்டை வாபஸ் பெற்றவர்கள் தப்பித்தார்கள். தவறவிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பாக்கி வைத்தவர் மவ்த்தாகிவிட்டால்?

பாகப்பிரிவினைக் கணக்குக் கேட்டு வரும் குடும்பங்களிடம், "வாப்பாவுக்குக் கடன் உண்டா?" என்று முதலில் கேட்பேன். நகைக்கடன், கைமாற்று, உம்மாவுக்குக் கொடுக்காத மஹர் வரை சொல்வார்கள். வரி பாக்கியை யாரும் சொல்வதில்லை. அது கடன் அல்ல, அரசாங்கத் தொல்லை என்ற நினைப்பு.

அரசு வரி மார்க்கப்படி கடனாகுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், வாடிக்கையாளரிடம் பில் போட்டு வாங்கிய ஜிஎஸ்டி கடைக்காரரின் பணமே அல்ல, அமானிதம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. (சரக்கு விற்றவர் வரி கட்டாததால் நம் தலையில் விழுந்த நோட்டீஸ் வேறு. அதை எதிர்த்து வாதாடுவது நம் உரிமை.) கடனாளியின் ஜனாஸாவுக்குத் தொழவைக்காமல் நின்ற நபி (ஸல்) அவர்கள், அபூகதாதா (ரலி) அக்கடனை ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். கடன் வெறும் 3 தீனார்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 93-வது பிரிவு இங்கே நம் ஃபராயிள் சட்டத்துக்கு அருகில் வருகிறது. இறந்தவரின் வியாபாரம் நின்றுவிட்டால், அவர் விட்டுச் சென்ற சொத்து தாங்கும் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. சொந்தப் பணத்தில் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கடையை ஒரு மகன் தொடர்ந்து நடத்தினால், பாக்கிக்கு அவர் பொறுப்பாளி. சொத்து தாங்கும் அளவு என்ற வரம்பு அவருக்குச் சொல்லப்படவில்லை.

சிக்கல் இங்கேதான். கடனை அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றிய பிறகே பாகம் என்பது குர்ஆனின் வரிசை. முதலிலேயே பங்கு போட்டுவிட்டு, பாக்கியைக் கடை நடத்தும் தம்பியின் தலையில் விட்டால் அது அநீதி. "வரி பாக்கி இருக்கு" என்று சொல்லியே, நோட்டீஸையும் காட்டாமல், சகோதரிகளின் பங்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதும் அநீதிதான். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால், ஆணையரிடம் விண்ணப்பித்து 24 மாதத் தவணை வரை கேட்கலாம். வட்டி உண்டு. ரிட்டர்னில் தாமே காட்டிய வரிக்கு இந்தச் சலுகை கிடையாது. எதற்கும் முன்னால், ஆடிட்டரை வைத்து வாப்பாவின் ஜிஎஸ்டி கணக்கைத் திறந்து பாருங்கள். நோட்டீஸ் அங்கேதான் கிடக்கும். பாஸ்வேர்டு பெரும்பாலும் கடைக் கணக்குப்பிள்ளையிடம் இருக்கும்.